வாங்கத் தெரிந்த கை

பத்திரப்பதிவு அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பணத்தைப் பேசும். அடமானப் பத்திரம் வட்டியைப் பேசும். பாகப்பிரிவினை எல்லைகளைப் பேசும். அன்பைப் பேச இடமிருப்பது தான செட்டில்மென்ட்டில்தான். ‘உன்மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், உன் எதிர்கால நலனை உத்தேசித்தும்’ என்று தொடங்கி ஒரு தகப்பனோ தாயோ குடியிருக்கும் வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவைப்பார்கள். சற்றுக் கீழே, எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் இதை ரத்து செய்ய மாட்டேன் என்ற உறுதி. ஆவண எழுத்தரின் கணினியில் இந்த வாசகங்கள் தயாராகவே இருக்கின்றன. பெயரும் சர்வே எண்ணும் நான்கெல்லையும்தான் மாறுகின்றன. குடும்பத்துக்குள் எழுதிக்கொடுப்பதற்கு முத்திரைத்தீர்வை சொத்து மதிப்பில் ஒரு விழுக்காடு. அதற்கும் 2023 முதல் 40,000 ரூபாய் உச்சவரம்பு. செலவு குறைவு, வேலை ஒரு பகலில் முடிந்துவிடும்.

உயிலும் செட்டில்மென்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மனித சுபாவத்தை வெவ்வேறு இடங்களில் தொடுகின்றன. உயில் எழுதியவர் இறந்த பிறகே அது நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் பதிவான அன்றே உரிமை கைமாறிவிடும். உயில் எழுதினால் பிள்ளை காத்திருக்கிறான். செட்டில்மென்ட் எழுதினால் மறுநாளிலிருந்து பெற்றவர் காத்திருக்கத் தொடங்குகிறார். காப்பிக்கு, மாத்திரைக்கு, யாராவது வந்து பேசுவதற்கு. எழுபது வயதுவரை கொடுக்கிறவராக இருந்தவர் ஒரே பகலில் வாங்குகிறவராகிவிடுகிறார். ஒருவருடைய குணம் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அவர் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் பார்த்ததை வைத்துத்தான். வாங்க வேண்டிய காலம் வந்ததும் உள்ளேயிருந்து வேறொரு மனிதர் வெளிப்படுகிறார். அந்த மனிதரோடு அவருக்கே முன்பின் பழக்கம் இருப்பதில்லை.

திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். வாசலிலேயே போலீஸ்காரர்கள் பைகளைத் திறந்து, மண்ணெண்ணெய் பாட்டில் எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். வயதானவர்களின் மஞ்சள் பைகளில் ஆதார் ஜெராக்ஸும் மாத்திரை அட்டையும் நான்காக மடித்த பத்திர நகலும் இருக்கும். அப்படியொரு நாளில், மரத்தடியில் மனு எழுதித் தரும் பெண்ணிடம் எண்பதைத் தொடும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“தாத்தா, பத்திரத்துல கண்டிசன் ஏதும் எழுதியிருக்கா?”

“என்ன கண்டிசன்?”

“கடைசிவரைக்கும் மகன் சோறு போடணும், ஆஸ்பத்திரிச் செலவு பாக்கணும்னு.”

பெரியவர் அந்தப் பெண்ணை ஏறிட்டுப் பார்த்தார். “பெத்த புள்ளகிட்ட அத எப்படித் தாயி எழுதி வாங்குறது?”

“இப்ப எங்க இருக்கீங்க?”

“மக வீட்டுல.”

“மகளுக்கு என்ன எழுதி வச்சீங்க?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பத்திர நகலை மறுபடி நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பெரியவர் கேட்ட கேள்வியைத்தான் நீதிமன்றங்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தன. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 23-ஆம் பிரிவின்படி, தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு முதியவர் சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி அவர் கேட்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம். ஆனால் பத்திரத்தில் நிபந்தனை என்று ஒரு வரிகூட இல்லாவிட்டால்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததை நிறுவியாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், முதியவர்களுக்கான சட்டத்தை அவர்கள் பக்கம் நின்று தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பினால் எழுதிக்கொடுக்கிறேன் என்று பத்திரம் சொல்லும்போது அந்த அன்பே நிபந்தனை. தனியாக எழுத வேண்டியதில்லை.

தீர்ப்பு நியாயமானது. அதனால் சில முதியவர்களுக்காவது வீடு திரும்பக் கிடைக்கும். ஆனால் அன்பு நிபந்தனையாகும் இடத்தில் நம் குடும்பங்களின் ஆழமான ஒரு சங்கடம் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. அந்தப் பெரியவர் நிபந்தனை எழுதாதது அறியாமையால் அல்ல. எழுதினால் தான் கேட்கிறவராகிவிடுவோம் என்ற கூச்சம். கேட்காமலே கிடைக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். கிடைக்காதபோது கேட்கவும் வாய் வரவில்லை. கடைசியில், மகனிடம் கேட்க முடியாததை ஆட்சியரிடம் கேட்க வந்திருந்தார்.

பிள்ளைகளைத் திட்டிவிட்டு இந்த விஷயத்தை முடித்துக்கொள்வது எளிது. திட்டு வாங்க வேண்டிய பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் கலி முற்றிவிட்டது என்ற பேச்சில் பெற்றவரின் குணத்தைப் பார்க்கத் தவறிவிடுகிறோம். ‘நான் யாருகிட்டயும் ஒரு ரூபா கைநீட்டி வாங்குனதில்ல’ என்று சொல்லும் அப்பாவோ தாத்தாவோ இல்லாத வீடு அபூர்வம். அந்தச் சொல்லில் நியாயமான பெருமை உண்டு. வாங்குவது இந்த மண்ணில் வெறும் பொருளைப் பெறுவதாக இருந்ததில்லை. குவித்த கைகளில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடிக்கவைத்த ஊர்கள் இவை. யாரிடம் யார் எதை எந்தக் கோலத்தில் வாங்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. வட்டிக்காரன் வீட்டுத் திண்ணையில் நின்றவர்களுக்கும் களத்துமேட்டில் கூலிநெல்லுக்குத் துண்டை விரித்து நின்றவர்களுக்கும் கை நீட்டாமல் வாழ்வது என்பது விடுதலை. அவர்களுடைய பிள்ளைகளான நம் அப்பாக்கள் அந்த விடுதலையைத் தங்கள் குணமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

நம் நீதிநூல்களும் இதற்கு உடன்பட்டன. ஆத்திசூடியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு அறிவுரைகளில் ஒன்று கையேந்துவதை இழிவென்கிறது. மற்றது, பசித்தவருக்கு இட்ட பிறகே சாப்பிடச் சொல்கிறது. எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலேயே இரண்டும் மனதில் ஏறிவிடுகின்றன. திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம், இரப்பதற்கு ஓர் அதிகாரம், இரக்க அஞ்சுவதற்கு இன்னோர் அதிகாரம். நாலடியாரும் இளமை நிலையாது, செல்வம் நிலையாது, உடம்பு நிலையாது என்று முதல் மூன்று அதிகாரங்களில் எச்சரிக்கிறது. இரவச்சத்துக்கும் அதில் தனி அதிகாரம் இருக்கிறது. இளமை போகும் என்று சொன்னார்கள். போன பிறகு பிறர் கையால் எப்படிச் சாப்பிடுவது, பிறர் தோளைப் பிடித்துக் கழிவறைக்கு எப்படிப் போவது என்பதற்கு ஒரு பாடம் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது. எண்பது வயது என்பது இத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-இல் அது பதினெட்டைத் தாண்டும் என்பது அரசின் மதிப்பீடு. பாடம் இல்லாத வகுப்பில் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது.

வாங்குவதில் கூச்சமில்லாத பருவம் ஒன்று எல்லாருக்கும் இருந்தது. பிறந்து இருபது முப்பது நாளான குழந்தையைக் குளிப்பாட்டுவதைப் பாருங்கள். பாட்டி புடவையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு மணையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டுவாள். குழந்தையைக் கெண்டைக்காலின்மேல் கிடத்தி, தலை தன் பாதங்களுக்கு நடுவே வரும்படி வைப்பாள். காய்ச்சிய எண்ணெயைப் புறங்கையில் தொட்டுச் சூடு பார்த்துவிட்டு உச்சியில் வைப்பாள். கைகளை மார்புக்குக் குறுக்கே இழுத்துவிடுவாள், மூக்கை நீவுவாள், வெந்நீரை உள்ளங்கையில் தடுத்துத் தடுத்து ஊற்றுவாள். குழந்தை வீறிட்டு அழும். ஆனால் நன்றி சொல்ல வேண்டுமே என்ற நினைப்பும், சிரமம் கொடுக்கிறோமே என்ற தவிப்பும் அதற்கு இல்லை. உடம்பை முழுசாக இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, குளித்து முடித்ததும் தூங்கிவிடும். மனிதன் வாழ்நாளில் செய்யும் முதல் வேலை வாங்குவதுதான். அதை அவன் குறையில்லாமல் செய்கிறான்.

பிறகு மறக்கிறான். அது இயல்புதான், மறந்தால்தான் வளர முடியும். ஐந்து வயதில் ‘நானே போட்டுக்குறேன்’ என்று செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். இருபத்தைந்தில் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை வாங்கும்போது அவன் கை மேலே ஏறுகிறது. பிறகு நாற்பது ஆண்டுகள் அந்தக் கை இறங்குவதே இல்லை. அந்த நாற்பது ஆண்டுகளில் அவன் வாங்காமலா இருந்தான்? தினமும் சமைத்துப் போட்ட மனைவியிடம் வாங்கினான். நடு இரவில் தெருவிளக்கைச் சரிசெய்த மின்வாரிய ஊழியரிடம் வாங்கினான். அரசுப் பள்ளி ஆசிரியரிடம் வாங்கினான். அதையெல்லாம் வாங்கியதாகக் கணக்கு வைக்கவில்லை. சம்பாதித்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டான். முதுமையின் துயரம் பெரும்பாலும் இந்தக் கணக்குப் பிழையில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். எழுபத்தைந்து வயதில் முதல்முறையாகப் பிறரை நம்பி வாழ நேர்ந்ததாக அவர் நினைக்கிறார். உண்மையில் முதல்முறையாக அது அவர் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வாங்குவதை அவமானமாக நினைக்காத மனிதர்கள் நம் இலக்கியத்தில் இருக்கிறார்கள். சங்கப் புலவர்கள் வாங்கித்தான் பிழைத்தார்கள். பெருஞ்சித்திரனார் வறுமையில் உழன்றவர். குமணன் என்ற வள்ளலிடம் பரிசில் பெற்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், இவருக்குக் கொடு, அவருக்குக் கொடு, என்னைக் கேட்கக்கூட வேண்டாம், நாளைக்கென்று எடுத்துவைக்காமல் எல்லாருக்கும் கொடு என்கிறார். வாங்கிய மறுகணமே அவரால் கொடுக்க முடிந்தது. வாங்கியது அவரைச் சிறுமைப்படுத்தவில்லை. அதே புலவர் அதியமான் என்ற மன்னனைத் தேடிக் குன்றும் மலையும் கடந்து போனபோது, அதியமான் அவரை நேரில் பாராமலேயே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். அவர் வாங்க மறுத்துவிட்டார். நான் வணிகனல்ல, என்னைப் பார்த்து, என் தகுதி அறிந்து தந்தால் தினையளவே ஆனாலும் போதும் என்பது அவர் பதில். பசித்திருந்தவர் சொன்ன பதில் இது.

வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருந்து மாதம் தவறாமல் ஜிபேயில் பணம் அனுப்பும் பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர்களை நான் குற்றவாளிகளாக்கவில்லை. பணம் அனுப்புவதே பலருக்குக் கடினமான காரியம். ஆனாலும் காணாமல் கொடுத்த கொடை அது. அம்மாவின் போனில் பணம் வந்ததற்கான சத்தம் கேட்கும்போது அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்வாள். அன்று மாலையே, சுகரும் பிரஷரும் கேட்கும் மகன் தன் முழங்காலை ஒருமுறையாவது வீடியோவில் காட்டச் சொன்னானா என்று யோசிப்பாள். பெருஞ்சித்திரனாரைப்போல அவளால் திருப்பி அனுப்ப முடியாது. வாங்கிக்கொள்கிறாள், உள்ளே ஒன்று வாடுகிறது. கூடவே இருக்கும் பிள்ளைகள் மட்டும் பார்த்துக் கொடுக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. காப்பி டம்ளரைக் கையில் தருவதற்கும் பக்கத்து ஸ்டூலில் ‘டொக்’கென்று வைத்துவிட்டுப் போவதற்கும் உள்ள தூரத்தை முதியவர்கள் காதாலேயே அளந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், அப்பாவுக்கு மாதம் மருந்துக்கு மட்டும் இவ்வளவு ஆகிறது என்று அப்பாவின் எதிரிலேயே தொகை சொல்லும் மகனும் கொடுக்கிறவன்தான். கணக்குச் சொல்லிக்கொண்டே கொடுக்கிறான். அன்றைய இரவு மாத்திரை அப்பாவின் தொண்டையில் சரியாக இறங்காது.

தகப்பனும் பிள்ளைகளும் சொத்துக்காக மோதிக்கொள்வது இன்று நேற்று வந்ததல்ல. உறையூரில் கோப்பெருஞ்சோழனை எதிர்த்து அவனுடைய மக்கள் இருவரும் படையெடுத்தார்கள். அவனும் சினந்து போருக்குப் புறப்பட்டான். அப்போது புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் நடுவில் வந்து சொன்ன வார்த்தைகள் எந்தக் குடும்ப நீதிமன்றத்தின் சமரச மையத்துக்கும் பொருந்தும். எதிரே நிற்பவர்கள் உன் பழைய பகைவர்கள் அல்லர், உன் பிள்ளைகள். நீ வென்று அவர்கள் அழிந்தால் இந்த நாட்டை யாருக்கு விட்டுப்போவாய்? நீ தோற்றால் உன் எதிரிகள் மகிழ்வார்கள். எழுந்து வா, நல்லது செய்யப் பார். சோழன் போரைக் கைவிட்டான். ஆனால் அரண்மனைக்குத் திரும்பவில்லை; உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். அரசைக் கொடுத்துவிட்டு, கொடுத்த பிள்ளைகளிடமிருந்து எதையும் வாங்க வேண்டியிராத ஓர் இடத்துக்கு அவன் போய்விட்டதாகத்தான் நான் இதை வாசிக்கிறேன். கடைசிவரை கொடுத்தவனாகவே இருந்தான். மானமுள்ள முடிவு என்று போற்றப்பட்டது. இந்தக் காலத்தில் இருபது ஆண்டுகள் படுத்துக் கிடக்கப்போகிற நமக்கு அது உதவாது.

அதே கதையின் இன்னொரு மனிதர்தான் நமக்கு உதவுகிறார். பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த ஆந்தையார். இவரும் சோழனும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, ஆனாலும் நண்பர்கள். வடக்கிருந்த சோழன், ஆந்தையார் வருவார், அவருக்கு என் பக்கத்தில் இடம் ஒதுக்குங்கள் என்றான். சுற்றியிருந்த சான்றோர்கள் நம்பவில்லை. அவர் வந்தார். வந்தவரைப் பார்த்து அவர்கள் வியந்தது, இத்தனை ஆண்டு வாழ்ந்தும் ஒரு நரைகூட இல்லையே என்று. அதற்கு ஆந்தையார் சொன்ன காரணங்களைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். பட்டியலாக மனப்பாடம் செய்ததால் அதில் இருக்கும் விசேஷம் கண்ணில் படாமல் போய்விட்டது. தன் உணவுப் பழக்கத்தையோ, நோன்பையோ, மன உறுதியையோ அவர் சொல்லவில்லை. மாட்சிமை உள்ள மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், தான் நினைத்ததையே நினைக்கும் ஏவலர், முறை தவறாமல் காக்கும் அரசன், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் ஊரில் இருக்கும் அடக்கமுள்ள சான்றோர்கள். ஒன்றுகூட அவர் சம்பாதித்தது இல்லை. எல்லாம் பிறரிடமிருந்து வந்தவை. நரைக்காத மனிதர் தான் வாங்கியவற்றைத் தயங்காமல் சொல்லிக்காட்டியவர். சொல்லிவிட்டு, பார்த்தேயிராத நண்பன் ஒதுக்கிவைத்த இடத்தை வாங்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

வடக்கிருந்த சோழனோடு உயிர்விட வந்த இன்னொரு புலவர் பொத்தியார். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். பிள்ளை பிறந்த பிறகு வா என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பினான். தன் பிள்ளைகளாலேயே சாகத் துணிந்த ஒருவன் இன்னொருவனிடம், போய் உன் பிள்ளையைப் பார்த்துவிட்டு வா என்கிறான். தனக்கு நேர்ந்ததைக் கொண்டு பிள்ளைப் பேற்றையே அவன் வெறுத்துவிடவில்லை. கைவிடப்பட்ட முதியவர்களிடம் நான் பார்த்த மிக உயர்ந்த குணம் இதுதான். மகன் செய்ததைக் குறையின்றிச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரின் குழந்தையைக் கன்னம் தொட்டுக் கொஞ்சுவார்கள். அந்தக் கை கசந்துபோகவில்லை.

முதியவர்களைப் பராமரிப்பது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதை யார் செய்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டம் மகனைக் கேட்கிறது. படுக்கையை மாற்றுவது மருமகள். அந்த மாமனாரிடமிருந்து அவள் சிறுவயதில் எதையும் வாங்கியதில்லை. அவர் தூக்கி வளர்த்தது அவளை அல்ல. திருமணத்தின்போது அவள் வீட்டிலிருந்து அவர் வாங்கியதுதான் அவளுக்குத் தெரியும். ஆனாலும் பல வீடுகளில் முகம் சுளிக்காமல் செய்வது அவள்தான். மகளுடைய நிலை வேறு. தமிழ்நாட்டில் 1989-இலேயே குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. அதற்குப் பிறகும் மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நிற்கவில்லை. தகப்பனின் சுயசம்பாத்தியம் என்றால் மகனுக்கு செட்டில்மென்ட், மகளுக்குக் கல்யாணத்தில் போட்ட நகை. மகன் கைவிட்ட பிறகு போய்ச் சேரும் வீடு மகளுடையது. எதையும் கொடுக்காதவளிடம் எல்லாவற்றையும் வாங்க வேண்டிய நிலை அந்தப் பெரியவர்களை எவ்வளவு கூனவைக்கிறது என்பதைப் பார்த்தால், அநீதிக்கு நிதானமான ஞாபகசக்தி உண்டு என்று தோன்றும். மகள்கள் பெரும்பாலும் அதைச் சொல்லிக்காட்டுவதில்லை என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

தெற்கத்தி மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று இருக்கிறது. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்கு விடியற்காலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இளநீரை அடுத்தடுத்துப் புகட்டுவார்கள். ஓரிரு நாளில் முடிந்துவிடும். 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் முதியவர் ஒருவர் தனக்கு இது நடக்கப்போகிறது என்று தெரிந்து வீட்டைவிட்டுத் தப்பியதாகச் செய்தி வந்தபோதுதான் வெளியுலகம் திடுக்கிட்டது. ‘பாரம்’ என்ற திரைப்படம் இதைப் பற்றியது. 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. கஷ்டப்படாமல் போகட்டும் என்று செய்வதாகச் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. யாருடைய கஷ்டம் என்று கேட்டாக வேண்டும். அதில் மனம் ஆறாத விஷயம், எண்ணெயும் இளநீரும். பிறந்த புதிதில் அன்போடு வாங்கிய அதே எண்ணெயை அந்த உடம்பு கடைசியாக ஒருமுறை வாங்குகிறது. மறுக்கத் தெரியாமல் வாங்குகிறது.

கொடுக்கவும் வாங்கவும் சேர்ந்தே தெரிந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் முதியோர் உதவித்தொகை வாங்கும் கிழவிகளைப் பார்க்கலாம். 1962-இல் இந்த மாநிலத்தில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது அது. 2023-இல் 1,200 ரூபாயானது. பணம் வாங்கிய அன்று வெற்றிலை பாக்குக்கு எடுத்துக்கொண்டு, சுருக்குப் பையில் மிச்சத்தை முடிந்துகொண்டு, வழியில் பேரனுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்குவார்கள். மருமகள் கைமாற்றாகக் கேட்டால் நூறு ரூபாய் தருவார்கள், அதைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். உதவித்தொகையை யாரும் அவர்களிடம் பிச்சையென்று சொல்லிவிட முடியாது. அரசாங்கம் கொடுக்கிறது, நான் வாங்குகிறேன், நான் கொடுக்கிறேன் என்று நிமிர்ந்து சொல்வார்கள். ஒரு வீட்டில் முதியவரின் மதிப்பைக் காப்பது அவருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைக் காட்டிலும், கொடுப்பதற்கு அவர் கையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதுதான் என்று இவர்களைப் பார்த்தே நான் புரிந்துகொண்டேன். மொத்த வீட்டையும் எழுதிக்கொடுத்துவிட்டவரிடம் பேரனுக்குக் காராச்சேவு வாங்கக்கூடக் காசு இருப்பதில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வயது என்றால், வாங்கக் கற்றுக்கொள்ள இதுவே சரியான நேரம். பேருந்தில் எழுந்து இடம் தருகிறவரிடம் ‘பரவாயில்லை’ என்று நின்றுகொண்டே போகாதீர்கள், உட்காருங்கள். காய்ச்சலில் மனைவியோ மகனோ கஞ்சி கொண்டுவந்தால் எழுந்துபோய் நீங்களே வாங்கிவராமல் படுத்தபடி குடியுங்கள். யாரிடம் எதை வாங்கினோம் என்பதை ஆந்தையாரைப்போல வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், முக்கியமாக மனைவியிடம்.

உங்கள் அப்பாவோ அம்மாவோ வீட்டை எழுதிவைக்கப் போவதாகச் சொன்னால், அவசரமில்லை, உயிலாக எழுதுங்கள் என்று பிள்ளைகளாகிய நீங்களே சொல்லுங்கள். செட்டில்மென்ட்தான் வேண்டும் என்றால், உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் அவர்களுக்கே உரிமை என்பதை எழுதச் சொல்லுங்கள். பராமரிப்பு நிபந்தனையையும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் கூச்சப்படுவார்கள். அந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டிய இக்கட்டை அவர்களுக்கு வைக்காமல், ஆவண எழுத்தரிடம் நீங்களே முன்வந்து சொல்லுங்கள். கையெழுத்துப் போடப் போகும் முன்பு அக்காவையும் தங்கையையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள்.